180 பந்துகளும் ஒரு மலர்ச்சிக் கதையும்

ஐ.பி.எல். தொடங்கும் பருவத்தில் பெங்களூருவின் ஆய்வு மாணவர் வட்டங்களில் ஒரு பதிவு தவறாமல் சுற்றிவருகிறது. தினேஷ் கார்த்திக்கின் படம். பக்கத்தில், முப்பத்தாறு வயதில் மலர்ந்தவர் என்ற பொருள்பட ஒரு வரி. கீழே, முனைவர் பட்டத்தை ஏழாண்டுகளாக இழுத்துக்கொண்டிருப்போருக்கு ஓர் ஆறுதல் மொழி. இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. இதற்கு எதிர்முனையில் நின்றுகொண்டு, அது ஒரு பருவத்து அதிர்ஷ்டம், அடுத்த ஆண்டே சாயம் வெளுத்துவிட்டது என்று சிரிப்பவர்களையும் ஏற்கவில்லை. இரு தரப்பினரும் செய்யும் தவறு ஒன்றே. ஓர் எண்ணை எடுத்து ஒரு மனிதரின் நெற்றியில் ஒட்டுகிறார்கள். அந்த எண் எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்பதில்லை. சூழலை விட்டுவிட்டு ஓர் ஒலியைக்கூட விளக்க முடியாது என்று வகுப்பில் படித்தவர்களே இதைப் பகிர்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் தரவு. 2022 பிப்ரவரி ஏலத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அணி கார்த்திக்கை 5.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 16 ஆட்டங்களில் 330 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 55, ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துகளுக்கான ஓட்டம், 183.33. ஏப்ரல் 16 அன்று வான்கடே அரங்கில் டெல்லி அணிக்கு எதிராக 34 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 66. அதில் முஸ்தஃபிசுர் ரஹ்மானின் ஒரே ஓவரில் 28. மே மாதத்தில் ஐதராபாத் அணிக்கு எதிராக 8 பந்துகளில் 30. பருவத்தின் மிக வேகமான மட்டையாளருக்கான விருதாக ஒரு காரும் அவருக்குக் கிடைத்தது. ஜூன் மாதத்தில் இந்திய அணிக்குத் திரும்பினார். அக்டோபரில் டி20 உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியா சென்றார். அங்கே மூன்று இன்னிங்சில் 14 ஓட்டங்கள். அதன்பின் இந்திய அணியில் அவருக்கு இடமில்லை.

மலர்ச்சிக் கதை இந்தப் பத்தியின் முற்பாதியோடு நின்றுவிடும். சிரிப்பவர்கள் பிற்பாதியிலிருந்து தொடங்குவார்கள்.

சராசரி 55 என்பதை எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட்டில் சராசரி என்பது மொத்த ஓட்டத்தை இன்னிங்சுகளின் எண்ணிக்கையால் வகுப்பது அன்று. ஆட்டமிழந்த முறைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. கார்த்திக் அப்பருவத்தில் 16 முறை களமிறங்கினார். 10 முறை ஆட்டமிழக்காமல் திரும்பினார். ஆக வகுஎண் 6. ஆறே நிகழ்வுகளைக் கொண்டு பெறப்பட்ட ஒரு விகிதம் அது. இருபதாவது ஓவர் முடிந்ததால் திரும்பியவரையும், பந்துவீச்சாளர்களால் வீழ்த்த முடியாமல் திரும்பியவரையும் இந்த எண் ஒன்றாகவே நடத்துகிறது. இதன் நகைப்புக்குரிய எல்லையைப் பார்க்க வேண்டுமானால் நம் ஊர்க்காரர் கருண் நாயரிடம் போகலாம். 2024-25 விஜய் ஹசாரே கோப்பையில் விதர்பா அணிக்காக அவர் எட்டு இன்னிங்சில் 779 ஓட்டங்கள் எடுத்தார், இரண்டே முறை ஆட்டமிழந்தார், சராசரி 389.5. ஐந்து சதங்கள் அடித்த அந்த ஆட்டம் அபாரமானது என்பதில் ஐயமில்லை. 389.5 என்ற எண்ணுக்குப் பொருளில்லை என்பதிலும் ஐயமில்லை. ஒரு தரவகத்தில் இரண்டே முறை வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை எழுதத் துணிவோமா?

ஸ்ட்ரைக் ரேட் இதைவிட நேர்மையான அளவுதான். ஆயினும் அதற்கும் வரம்புண்டு. 330 ஓட்டங்கள் வந்தது 180 பந்துகளில். ஒரு பந்தில் விழக்கூடிய ஓட்டம் 0, 1, 2, 4, 6 என்று சிதறுகிறது. கடைசி ஓவர்களில் ஆடும் அடிதடி மட்டையாளருக்கு இந்தச் சிதறலின் திட்டவிலக்கம் ஏறக்குறைய 2 ஓட்டம். எளிய விகிதங்களை எழுதிப் பார்த்தால் எவரும் இந்த எண்ணை அடையலாம். இதை 180-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் பந்துக்கு 0.15 ஓட்டம் திட்டப்பிழை; நூறு பந்துக்கு 15. ஆகவே 183 என்று நாம் எழுதும் இடத்தில் உள்ளபடி எழுத வேண்டியது, 153-க்கும் 213-க்கும் இடையில் எங்கோ ஓர் இடம் என்பதுதான். 153 என்றால் நல்ல மட்டையாளர், அவ்வளவே. 213 என்றால் மனிதரே அல்லர். இந்த இடைவெளிக்குள் எந்த இடத்தில் கார்த்திக் நிற்கிறார் என்பதை அந்த ஒரு பருவம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பந்துகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில்தான் இதுவும். உண்மையில் அவை சார்ந்தவை என்பதால் ஐயத்தின் எல்லை இன்னும் சற்று அகலும்.

இதே கணக்கு சிரிப்பவர்களையும் விடாது. உலகக் கோப்பையில் அவர் சந்தித்தவை மொத்தம் 22 பந்துகள். இருபத்திரண்டு! அதற்கான திட்டப்பிழை நூறு பந்துக்கு 43 ஓட்டம். ஓர் இளங்கலை மாணவர் இருபத்திரண்டு வாக்கியங்களைத் திரட்டிக்கொண்டு வந்து ஒரு வட்டார வழக்கின் தொடரியலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் நாம் கனிவோடு திருப்பி அனுப்புவோம். இந்தியக் கிரிக்கெட் அவ்வளவு கனிவு காட்டவில்லை.

அடுத்து, தாமதம் என்ற சொல். 36 வயதில் மலர்ந்தார் என்றால் அதற்கு முன் அரும்பாகவே இருந்தார் என்று பொருள். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானவர் அவர். தோனி அறிமுகமாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே. 2006 டிசம்பர் 1 அன்று ஜோகன்னஸ்பர்கில் இந்தியா ஆடிய முதல் டி20 ஆட்டத்தின் ஆட்டநாயகன் அவர்தான். 2007-இல் இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை இந்தியா வென்றபோது, தொடக்க மட்டையாளராக 263 ஓட்டங்கள் எடுத்து இந்தியர்களில் முதலிடத்தில் இருந்தார். 2013-இல் மும்பை அணிக்காக 510 ஓட்டங்கள். 2018-இல் கொல்கத்தா அணித்தலைவராக 498 ஓட்டங்கள், ஸ்ட்ரைக் ரேட் 147. இவற்றையெல்லாம் மறந்தால்தான் மலர்ச்சிக் கதை நிற்கும். அது நிற்பதற்கு உதவியது 2022-க்கு முந்தைய இரு பருவங்களின் சரிவு: 2020-இல் 169 ஓட்டங்கள், 2021-இல் 223. பள்ளத்திலிருந்து பார்த்தால் மேடு மலையாகத் தெரியும். சராசரியை நோக்கிய மீள்வு என்று புள்ளியியலார் சொல்வது இதைத்தான். ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த மீள்வைக் கவனிக்கத் தவறியதன் விளைவு. இதே பெங்களூர் அணி 2015-இல் அவரை 10.5 கோடிக்கு வாங்கி, அந்தப் பருவத்தில் 141 ஓட்டங்களை மட்டுமே பெற்றுக்கொண்டு அனுப்பிவைத்ததை இந்த ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் 2022-இல் ஒன்றுமே நிகழவில்லையா? நிகழ்ந்தது. அது என்ன என்பதுதான் என் வாதத்தின் நடுப்புள்ளி.

"நடு", "நாடு" என்ற இரு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். இறுதியில் நிற்பது ஒரே எழுத்து: டு. முதற்சொல்லில் அதன் உகரம் முழுமையாக ஒரு மாத்திரை ஒலிக்கிறது. இரண்டாவதில் குறைந்து அரை மாத்திரையாகிறது. உகரம் சோர்ந்துவிட்டது என்றோ, முதுமையில் பக்குவப்பட்டுவிட்டது என்றோ எந்த இலக்கண ஆசிரியரும் சொன்னதில்லை. முன்னே நிற்பது தனிக் குறிலா நெடிலா என்று பார்த்தார்கள். தொல்காப்பியம் இதைச் சார்பெழுத்து என்ற வகையில் வைத்ததன் காரணம், இடத்தைச் சொல்லாமல் இவ்வொலியைச் சொல்ல முடியாது என்பதே. டி20 ஆட்டத்தில் ஃபினிஷர் என்று நாம் அழைக்கும் பணி இத்தகையது. அவர் சொல்லின் இறுதியில்தான் வருவார், குறுகித்தான் ஒலிப்பார். 2022-இல் கார்த்திக் ஓர் இன்னிங்சுக்குச் சந்தித்தது சராசரியாக 11 பந்துகள். பதினோரு பந்துகளே எஞ்சியிருக்கும்போது ஆட்டமிழப்பதன் விலை மிகக் குறைவு. அடிக்காமல் இருப்பதன் விலை மிக அதிகம். அந்த விலைப்பட்டியல் தெளிவாக இருந்த இடத்தில் அவர் நிறுத்தப்பட்டார். கொல்கத்தாவில் அணித்தலைமையும் நடு ஓவர் சுழற்பந்தும் விக்கெட் சரிவும் ஒன்றாக அவர் தலையில் இருந்த ஆண்டுகளோடு இதை ஒப்பிட்டால், மாறியது என்ன என்பது விளங்கும்.

இது என் கற்பனையா என்று சோதிக்க ஒரு வழியுண்டு. அதே மனிதர் அந்த இடத்தில் நின்றபோதும், அந்த இடத்தில் இல்லாதபோதும் என்ன நிகழ்ந்தது என்று பார்க்க வேண்டும்.

2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாச அரங்கு, நிதகாஸ் கோப்பை இறுதியாட்டம். வங்கதேசத்துக்கு எதிராக 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் கார்த்திக் களமிறங்கினார். ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதில் அவருக்கு வருத்தம் இருந்ததென்றும், கடைசி ஓவர்களில் அவர் தேவைப்படுவார் என்பதால் நிறுத்திவைத்ததாகவும் அணித்தலைவர் ரோஹித் சர்மா பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ரூபல் ஹுசைனின் ஓவரில் 22. கடைசிப் பந்தில் 5 தேவை. எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் சிக்சர். 8 பந்துகளில் 29. எட்டுப் பந்துகளை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அப்படிக் கொண்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். ஆனால் அங்கே எடுக்கப்பட்ட முடிவைச் சான்றாகக் கொள்கிறேன். இவர் எந்த இடத்துக்குரியவர் என்பதை ஓர் அணித்தலைவர் 2018-இலேயே அறிந்து, அவரது விருப்பத்துக்கு மாறாகவே அங்கே நிறுத்தினார்.

பதினாறு மாதங்களுக்குப் பின் அந்த அறிவு எங்கே போயிற்று? 2019 ஜூலை 10, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்துக்கு எதிராக 240 என்ற இலக்கைத் துரத்தும்போது இந்தியா 5 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நிற்கிறது. ஐம்பது ஓவர் ஆட்டத்தின் நான்காவது ஓவர், புதுப்பந்து, மேகமூட்டம். ஐந்தாம் இடத்தில் இறக்கப்பட்டவர் கார்த்திக். ஏழாம் இடத்துக்குக் காக்கவைக்கப்பட்டவர் தோனி. கார்த்திக் 25 பந்துகளில் 6 ஓட்டங்கள் எடுத்து வீழ்ந்தார். அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இந்தியாவுக்காக அவர் ஆடவில்லை.

2022 அக்டோபர் 30, பெர்த். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 49 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் வீழ்ந்தபோது அவர் உள்ளே வந்தார். 69 பந்துகள் மீதமிருந்தன. கடைசி 11 பந்துகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 69 பந்துகளைக் காக்க அனுப்பப்பட்டார். 15 பந்துகளில் 6. அந்த ஆடுகளத்தில் சூர்யகுமார் யாதவ் 40 பந்துகளில் 68 எடுத்தாரே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், சூர்யகுமார் வேறு வகையான மட்டையாளர், எந்த இடத்திலும் ஒரு மாத்திரை குறையாதவர். அதற்கு முந்தைய ஆட்டங்களில் ஒன்றான மெல்போர்ன் பாகிஸ்தான் ஆட்டத்தில் இதன் மறுகோடி: கடைசி ஓவரில் வந்து, இரண்டு பந்துகளில் ஓர் ஓட்டம் எடுத்து ஸ்டம்பிங் ஆனார். இது அவருடைய இடமே. இதில் அவர் தோற்றார். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தேர்வாளர்களின் தீர்ப்புக்கு அடிப்படையான 22 பந்துகளில் 15 பந்துகள் பெர்த்தில் சந்தித்தவை என்பதைக் கவனியுங்கள். நாடு என்ற சொல்லில் கேட்ட ஒலியை நடு என்ற சொல்லில் எதிர்பார்த்து ஏமாந்துவிட்டு, பழியை உகரத்தின் மேல் போட்டதற்கு நிகரானது இது.

அதிர்ஷ்டவாதிகளுக்கு வருகிறேன். அவர்களுடைய பலமான சான்று 2023: 13 ஆட்டங்களில் 140 ஓட்டங்கள், 104 பந்துகள், ஸ்ட்ரைக் ரேட் 134, சராசரி 11.67. பார், முடிந்தது கதை என்றார்கள். ஆனால் 104 பந்துகளின் ஐயத்தின் எல்லை ஏறத்தாழ 95 முதல் 174 வரை செல்கிறது. 2022-இன் எல்லையோடு அது தொட்டுக்கொண்டே நிற்கிறது. 2024 வந்தது: 15 ஆட்டங்களில் 326 ஓட்டங்கள், 174 பந்துகள், ஸ்ட்ரைக் ரேட் 187. முந்தைய ஆண்டு கதை முடிந்தது என்று எழுதியவர்கள் இப்போது ஓய்வெடுக்காதே என்று எழுதினார்கள். வயது 38. மலர்ந்து, வாடி, மறுபடி மலர்ந்தாரா? தாவரவியலில் இப்படி ஒரு செடியை நான் அறியேன்.

மூன்று பருவங்களையும் ஒன்றாகக் கூட்டுங்கள். 458 பந்துகள், 796 ஓட்டங்கள், 27 முறை ஆட்டமிழப்பு. ஸ்ட்ரைக் ரேட் 173.8; சராசரி 29.5. நான் நம்பும் எண் இதுதான். கதைக்காரர்களுக்கு இது சுவைக்காது, 55 என்ற சராசரி 29.5 ஆகிவிடுகிறதே. சிரிப்பவர்களுக்கும் சுவைக்காது. ஏனெனில், அதற்கு முந்தைய இரு பருவங்களில் அவர் 304 பந்துகளில் 392 ஓட்டங்கள் எடுத்திருந்தார், அதாவது 129. இரண்டுக்கும் வேறுபாடு 45. அவ்வேறுபாட்டின் திட்டப்பிழை ஏறத்தாழ 15. மூன்று மடங்கு. தற்செயல் என்று தள்ளிவிட இயலாத வேறுபாடு. எனக்கு வசதியான இடத்தில் ஆண்டுகளைப் பிரித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பிரித்தது 2022 ஏலம்.

இந்த 45-இலும் சில கழிவுகள் உண்டு. 2023 முதல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. ஒரு மட்டையாளர் கூடுதலாகக் கிடைத்ததால் எல்லா அணிகளும் துணிந்து அடித்தன. 2024 ஏப்ரல் 15 அன்று இங்கே சின்னசாமி அரங்கில் கார்த்திக் 35 பந்துகளில் 83 எடுத்த ஆட்டத்தை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அன்று ஐதராபாத் 287, பெங்களூரு 262. இரு அணிகளும் சேர்ந்து 549. எல்லோரும் கத்திக்கொண்டிருந்த கூடத்தில் ஒருவரின் குரல் உயர்வை அளப்பதென்றால், கூடத்தின் இரைச்சலைக் கழித்தாக வேண்டும். மறுபக்கம், சின்னசாமியின் சிறிய எல்லைக்கோடுதான் அவரை உருவாக்கியது என்போருக்கு ஒரு தகவல்: 2022 பருவத்தின் லீக் ஆட்டங்கள் அனைத்தும் மும்பையிலும் புனேயிலும் நடந்தன, பெங்களூர் அணியின் பிற்சுற்று ஆட்டங்கள் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும். அந்த 330 ஓட்டங்களில் ஒன்றுகூடச் சின்னசாமியில் எடுக்கப்பட்டதன்று.

கடைசி நிலையில் உள்ள ஒரு மட்டையாளர் திடீரென்று பெரிய அடிகாரராக மாறும்போது அதை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி பேஸ்பாலில் பழையது. ஹோசே பௌதிஸ்தா அணி விட்டு அணி தாவிக்கொண்டிருந்தவர். ஒரு பருவத்தில் அவர் அதற்குமுன் அடித்த அதிகபட்ச ஹோம் ரன் 16. டொரண்டோ அணியில் 2010-இல், 29 வயதில், 54 அடித்தார். அங்கேயும் மலர்ச்சிக் கதை கிளம்பியது; அங்கேயும் சிரிப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. மட்டையைச் சுழற்றத் தொடங்கும் கணத்தை அவர் முன்னே கொண்டுவந்திருக்கிறார், முன்காலைத் தூக்கி ஊன்றும் முறையை மாற்றியிருக்கிறார் என்று குறிப்பாகச் சுட்டி, அந்த மாற்றம் அடுத்த ஆண்டும் நிலைக்கிறதா என்று காத்திருந்தார்கள். 2011-இல் 43. அந்த ஆட்டத்துக்கு வாய்த்த நல்லூழ், ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். நிலையான மட்டையாளர் ஒருவர் அறுநூறு முறைக்குமேல் களத்தில் நிற்பார். நமக்கு 180 பந்துகள். தரவு குறைவாக உள்ளவர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாமோ நேர்மாறாக இருக்கிறோம்.

அவரது உழைப்பை நான் குறைக்கிறேனா? இல்லை. அபிஷேக் நாயருடன் சேர்ந்து அவர் தம் ஆட்டத்தைப் பிரித்து அடுக்கியது பலமுறை எழுதப்பட்ட செய்தி. 2021-இல் இங்கிலாந்தில் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் பெயர் பெற்ற பிறகும் வலைப்பயிற்சிக்குத் திரும்பியது எளிய செயல் அன்று. ஆனால் 2015-இலும் 2020-இலும் அவர் உழைக்கவில்லை என்று சொல்ல யாரிடம் சான்று இருக்கிறது? எல்லா ஆண்டும் இருந்த ஒன்றைச் சில ஆண்டுகளில் மட்டும் நிகழ்ந்த ஒன்றுக்குக் காரணமாகக் காட்ட முடியாது. மில்லின் வேறுபாட்டு முறையை முதுகலை முதற்பருவத்தில் படித்தோம்.

மலர்ச்சிக் கதையின் மீது எனக்குள்ள உண்மையான கோபம் புள்ளியியல் சார்ந்தது அன்று. தாமதம் யாருடையது என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது. தாமதமாக மலர்ந்தார் என்று சொன்ன மாத்திரத்தில் தாமதம் அவருடைய குணமாகிவிடுகிறது. அவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடக்க மட்டையாளராகவும் மூன்றாமவராகவும் ஐந்தாமவராகவும் மாற்று விக்கெட் கீப்பராகவும் பதினாறு ஆண்டுகள் உருட்டியவர்கள் வாழ்த்துச் சொல்வோர் வரிசையில் வந்து நின்றுகொள்கிறார்கள். தோனி இருந்தார், அவரைத் தாண்டி விக்கெட் கீப்பர் இடம் கிடைத்திருக்காது என்பது நியாயமான மறுப்பு. விக்கெட் கீப்பர் இடத்துக்கு அது பொருந்தும். கடைசி நான்கு ஓவர்களுக்கென்று தனியாக ஒருவர் தேவை என்பதை இந்தியத் தேர்வுமுறை ஏற்கவே வெகுகாலம் பிடித்தது என்பது வேறு செய்தி. 2006-இல் டி20 அறிமுகம். இந்தியாவுக்காக டி20-இல் அவரது முதல் அரைசதம் 2022 ஜூன் 17 அன்று ராஜ்கோட்டில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்துகளில் 55. இடையிலுள்ள பதினைந்தரை ஆண்டுகளை அவருடைய பொறுமைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அவற்றை மதிப்பீட்டாளர்களின் கணக்கில் எழுதுவதுதான் சரி.

பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதும் இதனால்தான் என்று ஐயுறுகிறேன். களப்பணியில் சிறந்த ஒருவரைக் கோட்பாட்டுத் தலைப்பில் அடைத்துவைத்து, ஆறாம் ஆண்டில் தலைப்பு மாறியதும் அவர் எழுதிக் குவிப்பதைப் பார்த்து, இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று குழுவினர் பெருந்தன்மையோடு சொல்வதை நம்மில் யார் கேட்டதில்லை? ஓராண்டின் கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஒருவரைப் புகழ்வதும், அடுத்த ஆண்டின் எண்ணிக்கையை வைத்து முகம் சுளிப்பதும் 55-ஐயும் 11.67-ஐயும் மாறிமாறிக் காட்டுவதுபோலத்தான். இதற்குமேல் இந்த ஒப்புமையை இழுக்க விரும்பவில்லை. பந்துகளை எண்ண முடிகிறது, ஆய்வை எண்ண முடிவதில்லை.

என்ன அளக்கலாம் என்று கேட்போருக்கு: பந்துவாரியான தரவு க்ரிக்‌ஷீட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டத்தையும் சராசரியையும் விட்டுவிட்டு, மட்டையாளர் உள்ளே வந்த ஓவரை முதலில் எடுங்கள். அதே ஆட்டத்தில், அதே ஓவர்களில், மறுமுனையில் நின்றவர்களும் எதிரணியினரும் பந்துக்கு எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து இவர் எவ்வளவு விலகுகிறார் என்பதுதான் இவருடையது. மற்றதெல்லாம் ஆடுகளமும் விதியும் காலமும். பிறகு வேகப்பந்தையும் சுழற்பந்தையும் பிரியுங்கள். கார்த்திக்கின் விஷயத்தில் இந்தப் பிரிவு முக்கியம் என்பது அவரைச் சுழற்பந்து முடியும்வரை நிறுத்திவைக்க முயன்ற அணித்தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் ஐந்து பந்துகளைத் தனியே எடுங்கள். பதினோரு பந்து ஆடுபவருக்கு முதல் ஐந்து என்பது கிட்டத்தட்ட பாதி வாழ்க்கை. இவற்றைச் செய்ய இரண்டு மாலைப்பொழுதுகள் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் கார்த்திக் அல்லர். அவர் 2024 ஜூன் 1 அன்று, தம் 39-ஆம் பிறந்தநாளில் ஓய்வை அறிவித்துவிட்டார். பெங்களூரு அணி 2025-இல் கோப்பையை வென்றபோது அதன் மட்டையாட்டப் பயிற்சியாளராக இருந்தார். அவருக்கு இனி யாருடைய மதிப்பீடும் தேவையில்லை. கருண் நாயருக்குத் தேவைப்படுகிறது. சேப்பாக்கத்தில் 2016 டிசம்பரில் ஆட்டமிழக்காமல் 303 எடுத்து, அடுத்த டெஸ்டிலேயே வெளியே உட்கார்ந்தவர். 2022 டிசம்பரில், அன்புள்ள கிரிக்கெட்டே, இன்னொரு வாய்ப்புக் கொடு என்று பொதுவெளியில் எழுதியவர். விதர்பா சென்று, 2024-25 ரஞ்சியில் 863 ஓட்டங்கள் எடுத்து, எட்டாண்டுகளுக்குப் பின் டெஸ்ட் அணிக்குத் திரும்பியவர். 2025 இங்கிலாந்துத் தொடரில் நான்கு டெஸ்ட், எட்டு இன்னிங்ஸ், 205 ஓட்டங்கள், சராசரி 25.62. மலர்ச்சிக் கதைக்காரர்கள் ஜூன் மாதத்தில் அவரைத் தூக்கிவைத்தார்கள். ஆகஸ்டில் கீழே போட்டார்கள். அக்டோபரில் அவர் அணியில் இல்லை.

அந்த எட்டு இன்னிங்சில் அவர் எங்கே நின்றார்? லீட்ஸில் ஆறாம் இடம்: 0, 20. எட்ஜ்பாஸ்டனிலும் லார்ட்ஸிலும் மூன்றாம் இடம்: 31, 26, 40, 14. மான்செஸ்டரில் வெளியே. ஓவலில் முதல் இன்னிங்சில் ஐந்தாம் இடம்: 57; இரண்டாம் இன்னிங்சில் ஆறாம் இடம்: 17. நான்கு டெஸ்டில் மூன்று இடங்கள். இப்போது கர்நாடகத்துக்கே திரும்பியிருக்கிறார். சின்னசாமிக்குப் போனால் பார்க்கலாம்.